தராசு சொன்ன உண்மை: லவாய்சியரின் வாழ்வும் புகழும்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் யார்?' இது ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு புத்தகம் ஜோசப் பிரீஸ்ட்லி என்கிறது. இன்னொன்று கார்ல் ஷீலே என்கிறது. வேறொன்றில் அந்துவான் லவாய்சியர் என்று இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மூன்று கையேடுகளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "எதை எழுதினால் மார்க் வரும்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். உங்களில் பலரும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள்.

இதற்குள் இன்னொரு புதிரும் இருக்கிறது. ஷீலேயும் பிரீஸ்ட்லியும் பல வாயுக்களை, பல பொருள்களை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள். லவாய்சியர் முதலில் கண்டுபிடித்தார் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஒரு தனிமம்கூட இல்லை. ஆனாலும் 'நவீன வேதியியலின் தந்தை' என்ற பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது. ஏன்?

இன்றைய உரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. லவாய்சியரின் புகழ் அவர் கண்டெடுத்த பொருள்களில் இல்லை. விடாமல் கேட்ட ஒரு கேள்வியில் இருக்கிறது. 'வினைக்கு முன் எடை எவ்வளவு? வினைக்குப் பின் எவ்வளவு?' அந்தக் கேள்வியை நம் மாணவர்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். அதோடு, அவருடைய புகழையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை

1743 ஆகஸ்ட் 26-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார் லவாய்சியர். தந்தை வழக்கறிஞர். ஐந்து வயதில் தாயை இழந்தார். மசாரேன் கல்லூரியில் படித்தார். பிறகு குடும்ப வழக்கப்படி சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் மனம் வேறு பக்கம் இருந்தது. ரூவேல் என்பவர் பாரிசில் நடத்திவந்த வேதியியல் செயல்விளக்க வகுப்புகளுக்குப் போனார். கெத்தார் என்ற நிலவியலாளருடன் ஊர் ஊராகச் சென்று பாறைகளையும் நீரையும் ஆராய்ந்தார். இரவில் நகரத் தெருக்களுக்கு விளக்கேற்றும் சிறந்த முறை பற்றி எழுதிய கட்டுரைக்காக 1766-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். 1768-இல், 25 வயது நிறைவதற்கு முன்பே, அந்தக் கழகத்தில் உறுப்பினரானார்.

அதே 1768-இல் இன்னொரு காரியமும் செய்தார். 'ஃபெர்ம் ஜெனரால்' என்ற வரிக் குத்தகை நிறுவனத்தில் பங்கு வாங்கினார். மன்னருக்கு ஒரு தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு, உப்பு, புகையிலை, நகருக்குள் வரும் சரக்கு ஆகியவற்றின் மீது மக்களிடம் வரி தண்டும் தனியார் கூட்டு அது. நாட்டின் பல பகுதிகளில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த விலையில் உப்பு வாங்கியே தீரவேண்டும். உப்பு வரி என்றால் மக்கள் மனத்தில் என்ன மூளும் என்பதை வேதாரண்யம் கண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். பாரிசின் தலைசிறந்த கருவி வினைஞர்களைக்கொண்டு அவர் செய்வித்த நுண்தராசுகளுக்குப் பணம் அந்த வரி வருமானத்திலிருந்து வந்தது. கணக்கேடு எழுதும் பழக்கமும் அங்கே உறுதிப்பட்டது. வரவும் செலவும் பொருந்தாவிட்டால் எங்கோ ஏதோ விடுபட்டிருக்கிறது என்று ஒரு கணக்கர் நினைப்பார் அல்லவா? சோதனைச் சாலையிலும் லவாய்சியர் அப்படியே நினைத்தார்.

நூற்றியோரு நாள் கொதித்த நீர்

நீரைத் தொடர்ந்து கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் மண் போன்ற ஒரு பொருள் தங்குகிறது. எனவே நீர் மண்ணாக மாறுகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். கண்ணால் பார்க்கிறோமே, பிறகென்ன சந்தேகம்?

லவாய்சியர் 'பெலிக்கன்' என்ற கண்ணாடிக் கலத்தை எடுத்தார். அதில் ஆவியாகும் நீர் குளிர்ந்து மீண்டும் அதே கலத்துக்குள் விழும். முதலில் வெறும் கலத்தை எடைபோட்டார். வாலைவடித்த நீரை ஊற்றி மீண்டும் எடைபோட்டார். கலத்தை மூடி, 1768 அக்டோபர் முதல் 1769 பிப்ரவரி வரை 101 நாள் சூடாக்கினார். மண் போன்ற பொருள் வந்தது. மூடிய கலத்தின் மொத்த எடை மாறவில்லை. பிறகு நீரை வெளியே எடுத்து, வெறும் கலத்தை எடைபோட்டார். கலத்தின் எடை குறைந்திருந்தது. அந்த 'மண்' நீரிலிருந்து வரவில்லை. கண்ணாடியிலிருந்து கரைந்து வந்திருக்கிறது.

தராசு இல்லாமல் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. நூற்றாண்டுக்கணக்கில் நிலவிய ஒரு நம்பிக்கையை ஒரு கலமும் ஒரு தராசும் பொறுமையும் சேர்ந்து தகர்த்தன.

எரிதல் என்னும் புதிர்

அடுத்து எரிதலுக்கு வருகிறார். எரியும் பொருள் எல்லாவற்றிலும் 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்பது அன்றைய கொள்கை. விறகு எரிந்தால் சாம்பல்தானே மிஞ்சுகிறது? ஆகவே கொள்கை பொருத்தமாகத்தான் தோன்றியது. இதை மூடநம்பிக்கை என்று மாணவர்களிடம் ஏளனமாகச் சொல்ல வேண்டாம். பல நிகழ்வுகளை ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்த கொள்கை அது.

ஆனால் உலோகத்தைக் காற்றில் சுட்டால் கிடைக்கும் பொடி, சித்த மருத்துவத்தில் பஸ்பம் என்கிறோமே அதுபோன்றது, உலோகத்தைவிட எடை கூடுதலாக இருக்கிறது. ஏதோ வெளியேறியிருந்தால் எடை குறைய வேண்டுமே? 1772-இல் பாஸ்பரசையும் கந்தகத்தையும் எரித்துப் பார்த்த லவாய்சியர், அவற்றின் எடையும் கூடுவதைக் கண்டார். காற்றிலிருந்து ஏதோ ஒன்று சேர்கிறது என்று எழுதி, 1772 நவம்பர் 1 அன்று முத்திரையிட்ட உறையில் கழகத்திடம் ஒப்படைத்தார்.

1774-இல் வெள்ளீயத்தைக் கொண்டு செய்த சோதனையை வகுப்பில் தவறாமல் சொல்லுங்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ராபர்ட் பாயில் இதையே செய்திருந்தார். மூடிய கலத்தில் உலோகத்தைச் சூடாக்கி, கலத்தைத் திறந்து, எடைபோட்டார். எடை கூடியிருந்தது. நெருப்பின் நுண்துகள்கள் கண்ணாடி வழியாகப் புகுந்துவிட்டன என்று முடிவுசெய்தார். லவாய்சியர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். திறப்பதற்கு முன்பே எடைபோட்டார். எடை மாறவில்லை. திறந்ததும் காற்று 'உஸ்' என்று உள்ளே புகுந்தது. அதன்பிறகே எடை கூடியது. ஆகவே நெருப்பு எதையும் உள்ளே அனுப்பவில்லை. உள்ளே இருந்த காற்றின் ஒரு பகுதிதான் உலோகத்தோடு சேர்ந்திருக்கிறது.

பாயில் மாபெரும் அறிவியலாளர். எந்தக் கட்டத்தில் எடைபோடுவது என்பதில் இருந்த சின்ன வேறுபாடு, முடிவையே மாற்றிவிட்டது. சோதனையின் படிகளை வரிசையாக எழுதச் சொன்னால் மாணவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

யார் கண்டுபிடித்தார்?

காற்றின் எந்தப் பகுதி சேர்கிறது? 1774 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி, பாதரசத்தின் செந்நிறப் பொடியைக் குவிவில்லையால் சூடாக்கி ஒரு வாயுவைப் பெற்றார். அதில் மெழுகுவத்தி பளிச்சென்று எரிந்தது. அந்த அக்டோபரில் பாரிசுக்கு வந்தபோது, லவாய்சியர் வீட்டு விருந்தில் இதைச் சொன்னார். சுவீடனில் ஷீலே அதற்கும் முன்பே அந்த வாயுவைத் தயாரித்திருந்தார். ஆனால் அவருடைய நூல் 1777-இல்தான் வெளிவந்தது. அவரும் 1774 செப்டம்பரில் லவாய்சியருக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

லவாய்சியர் அந்தச் சோதனையை விரித்துச் செய்தார். 4 அவுன்சு பாதரசத்தை, 50 கன அங்குலக் காற்றோடு தொடர்புள்ள கலத்தில் 12 நாள் சூடாக்கினார். காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்தது. மிஞ்சிய காற்றில் தீ அணைந்தது. பாதரசத்தின் மேல் மிதந்த செந்நிறப் பொடியைச் சேகரித்தார். எடை 45 கிரெயின். அன்றைய பிரெஞ்சு கிரெயின் நம் கிராமில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அந்தப் பொடியை மேலும் வலுவாகச் சூடாக்கியபோது 41.5 கிரெயின் பாதரசமும், 7 அல்லது 8 கன அங்குல வாயுவும் கிடைத்தன. காற்றில் குறைந்த அளவும் அதுதான்.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுங்கள். பாதரசத்தின் அணு நிறை 200.6, ஆக்சிஜனின் அணு நிறை 16. 45 கிரெயின் மெர்குரிக் ஆக்சைடில் எவ்வளவு பாதரசம் இருக்க வேண்டும்? ஏறத்தாழ 41.7 கிரெயின். அணு நிறை அட்டவணை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அவருக்குக் கிடைத்தது 41.5. இந்தக் கணக்கைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே போட்டு விடையைக் காணும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பாதரச ஆவி நஞ்சு; எனவே அந்தச் சோதனையை நாம் செய்துகாட்டக் கூடாது. கணக்கைச் செய்துகாட்டலாம்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண் கேள்விக்கு வருவோம். வாயுவை முதலில் தயாரித்தவர் ஷீலே. முதலில் வெளியிட்டவர் பிரீஸ்ட்லி. அவர் அதை 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றே கருதினார். கடைசிவரை அந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. அது காற்றில் கலந்துள்ள தனித்த ஒரு பொருள், எரிதலும் உலோகம் பொடியாவதும் அது சேர்வதால் நிகழ்பவை என்று விளக்கிப் பெயரிட்டவர் லவாய்சியர். 'கண்டுபிடித்தல்' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. மாணவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, தேர்வுக்குரிய விடையையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் அவர்களுக்கு வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிரீஸ்ட்லி சொன்னதைக் கேட்ட பிறகே தாம் அந்த வாயுவின் பக்கம் திரும்பியதை லவாய்சியர் தொடக்கக் கட்டுரைகளில் உரியபடி குறிப்பிடவில்லை. பிரீஸ்ட்லிக்கு அந்த மனவருத்தம் இருந்தது. மாணவர் ஒருவர் தோழியின் செய்முறைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் நாம் கண்டிக்கிறோம். பெரியவர்களுக்கும் அதே அளவுகோல்தான்.

நீர், மூச்சு, பெயர்

1783-இல், இங்கிலாந்தின் கேவண்டிஷ் எரியும் வாயுவை எரித்து நீர் பெற்ற செய்தி பாரிசுக்கு எட்டியது. லவாய்சியரும் கணித மேதை லாப்லாசும் சேர்ந்து அதைச் செய்துபார்த்தனர். நீர் ஒரு தனிமம் அன்று, இரு வாயுக்களின் சேர்மம் என்று லவாய்சியர் அறிவித்தார். பிறகு, சிவக்கக் காய்ந்த இரும்புக் குழாய் வழியாக நீராவியைச் செலுத்தி நீரைப் பிரித்தும் காட்டினார்.

அதே காலத்தில் இருவரும் பனிக்கட்டியால் சூழப்பட்ட ஒரு வெப்ப அளவியை உருவாக்கினர். அதனுள் ஒரு கினிப் பன்றியை வைத்து, உருகிய பனிக்கட்டியின் எடையிலிருந்து விலங்கு வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டனர். மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நிகழும் எரிதல் என்ற முடிவு அங்கே பிறந்தது. சுவாசம் பற்றி உயிரியலில் நாம் நடத்தும் பாடத்துக்கு வேர் அதுவே.

அடுத்து, பெயர்கள். அன்றைய வேதியியலில் 'ஆண்டிமனி வெண்ணெய்' என்றால் அதில் வெண்ணெய் இல்லை. 'துத்தநாகப் பூ' என்றால் பூ இல்லை. 'விட்ரியால் எண்ணெய்' எண்ணெயே அன்று. 1787-இல் கித்தோன் த மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகியோருடன் சேர்ந்து லவாய்சியர் புதிய பெயரிடு முறையை வெளியிட்டார். பொருளின் பெயரைப் பார்த்தாலே அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பது விதி. சல்ஃபேட், சல்ஃபைட், ஆக்சைடு என்று நம் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த நால்வரின் வேலையைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'ஹைட்ரஜன்' என்றால் நீரை உண்டாக்குவது. தமிழில் 'நீரகம்' என்றது அதே பொருளில்தான். ஆக்சிஜனை அவர் ஒரு காலத்தில் 'உயிர்க்காற்று' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். நம் பழைய பாடநூல்களின் 'பிராணவாயு' அதற்கு மிக நெருக்கமான சொல்.

1789-இல் அவருடைய 'வேதியியல் தொடக்க நூல்' வெளிவந்தது. மேலும் பகுக்க முடியாத 33 எளிய பொருள்களின் பட்டியல் அதில் இருக்கிறது. நிறை மாறா விதியை அவர் எங்கே விளக்குகிறார் தெரியுமா? திராட்சைச் சாறு நொதித்து மதுவாவதைச் சொல்லும் பகுதியில். நொதிக்கும் முன் இருந்தவற்றின் எடையும் பின் இருப்பவற்றின் எடையும் சமம் என்று கொண்டு, ஒரு சமன்பாடு போலவே கணக்கெழுதிக் காட்டுகிறார். நாம் இன்று வேதிச்சமன்பாட்டைச் சமன்செய்யச் சொல்வதற்கு அடிப்படை அது.

மரி ஆன்

நம் பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவர் மரி ஆன் போல்ஸ். வரிக் குத்தகையில் லவாய்சியரின் மூத்த கூட்டாளியின் மகள். 1771 டிசம்பரில் லவாய்சியரை மணந்தபோது அவருக்கு வயது 13, மணமகனுக்கு 28. ஐம்பதை நெருங்கிய ஒரு பிரபுவுக்கு அந்தப் பெண்ணைக் கேட்டு நெருக்கடி வந்ததால் தந்தை செய்த ஏற்பாடு அது. அந்தக் காலத்து வழக்கம் என்று அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. அது குழந்தைத் திருமணம்.

அந்தச் சூழலுக்குள் மரி ஆன் தமக்கென ஓர் இடத்தை உருவாக்கிக்கொண்டார். வேதியியல் கற்றார். கணவருக்குத் தெரியாத ஆங்கிலத்தைக் கற்று, இங்கிலாந்தின் ஆய்வுகளை மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஃபுளோஜிஸ்டனை ஆதரித்து கிர்வான் எழுதிய நூலை அவர் மொழிபெயர்க்க, மறுப்புக் குறிப்புகளோடு 1788-இல் அது வெளிவந்தது. ஓவியர் டேவிட்டிடம் வரையக் கற்று, 1789 நூலுக்கான 13 கருவிப் படங்களையும் வரைந்து, தம் பெயரைப் பொறித்தார். சோதனைகளின்போது குறிப்பேடு எழுதியவரும் அவரே. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பிற நாட்டவர் அந்தக் கருவிகளைச் செய்தனர்.

1788-இல் டேவிட் வரைந்த, இரண்டரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள இத்தம்பதியின் ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேசைமேல் கண்ணாடிக் கருவிகள் மின்னும். 2021-இல் அதன் அடிப்பூச்சுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். முதலில் வரைந்தபோது மரி ஆன் தலையில் பெரிய அலங்காரத் தொப்பி இருந்திருக்கிறது. அறிவியல் கருவிகள் இல்லை. செல்வச் சீமான் தம்பதியாகத் தொடங்கிய ஓவியம், வரைந்துகொண்டிருக்கும்போதே அறிவியல் தம்பதியாக மாற்றப்பட்டிருக்கிறது. புகழுக்கும் அடிப்பூச்சு உண்டு என்பதை அந்த ஓவியமே சொல்கிறது.

ஒரே நாளில் விசாரணை, தண்டனை

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. லவாய்சியர் புரட்சியின் எதிரியாக இருக்கவில்லை. அரசின் வெடிமருந்து நிர்வாகத்தைச் சீர்செய்தவர் அவர். வங்காளத்து வெடியுப்பு ஆங்கிலேயர் வசம் போய்விட்ட காலத்தில், உள்நாட்டிலேயே அதைப் பெருக்கினார். புதிய மெட்ரிக் அளவு முறைக்கான குழுவில் உழைத்தார். 1793-இல், தொடக்கக் கல்வி எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பொதுக் கல்வித் திட்டம் ஒன்றையும் எழுதினார். ஆசிரியர்களாகிய நாம் அதை நினைவுகூர வேண்டும்.

ஆனால் மக்கள் கண்ணில் அவர் வரி தண்டியவர். பாரிசுக்குள் வரும் சரக்கு வரி கட்டாமல் தப்பாதிருக்க நகரைச் சுற்றி எழுப்பிய மதிலின் பின்னணியிலும் அவர் இருந்தார். வெப்பம் பற்றிய தம் ஆய்வை லவாய்சியர் மதிக்காததில் வருத்தம்கொண்டிருந்த மாரா, 1791-இல் தம் பத்திரிகையில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். 1793 ஆகஸ்டில் அறிவியல் கழகம் கலைக்கப்பட்டது. நவம்பரில் வரிக் குத்தகைதாரர்களைக் கைதுசெய்ய ஆணை வந்தது. லவாய்சியர் தாமாகவே சரணடைந்தார். 1794 மே 8 அன்று விசாரணை நடந்தது. அதே நாளில் 28 பேர் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். மாமனார் ஜாக் போல்சும் அவர்களில் ஒருவர். லவாய்சியருக்கு அப்போது வயது 50. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது.

வேதியியலுக்காக அவர் கொல்லப்படவில்லை. வரித் தொழிலுக்காகக் கொல்லப்பட்டார். குத்தகைதாரர்கள் புகையிலையில் அளவுமீறி நீர் சேர்த்தார்கள் என்பதுவரை குற்றச்சாட்டுகள் இருந்தன. விசாரணை நியாயமாக நடக்கவில்லை. பின்னாளில் அரசே அது தவறென்று ஏற்று உடைமைகளை மரி ஆனிடம் திருப்பிக் கொடுத்தது. அநியாயமான தீர்ப்பு என்பதும் உண்மை; அந்த வரிமுறை ஏழைகளை வதைத்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.

புகழின் வரவு செலவு

தந்தையையும் கணவரையும் ஒரே நாளில் இழந்த மரி ஆன், லவாய்சியரின் கட்டுரைத் தொகுப்பை 1805 வாக்கில் வெளியிட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். குறிப்பேடுகளையும் கருவிகளையும் காத்தார். அந்தக் கருவிகளில் பல இன்று பாரிசின் கலை-கைவினை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் காத்திராவிட்டால் இன்று இவ்வளவு விவரமாகப் பேசியிருக்க முடியாது.

பிறகு நாடே அந்தப் புகழைக் கையில் எடுத்தது. 19-ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வுர்ட்ஸ், வேதியியல் பிரெஞ்சு அறிவியல் என்றும் அதை நிறுவியவர் லவாய்சியர் என்றும் எழுதினார். ஜெர்மானிய வேதியியலாளர்கள் கொதித்தெழுந்தனர். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. 1900-இல் பாரிசில் பொதுமக்கள் நிதியில் சிலை வைத்தனர். அதன் முகம் லவாய்சியருடையது அன்று, கோந்தோர்சே என்ற அறிஞருடையது என்று பின்னர் தெரியவந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தச் சிலை உருக்கப்பட்டது. முகம் தவறிய சிலை போனாலும் சல்ஃபேட்டும் ஆக்சைடும் போகவில்லை.

புகழோடு கதைகளும் ஒட்டிக்கொள்கின்றன. 'குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை' என்ற கருத்தில் நீதிபதி சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. வெட்டிய பிறகும் உணர்வு இருக்கிறதா என்று காட்ட அவர் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தார் என்ற கதை நம் கைப்பேசிகளிலும் வந்துபோகிறது. அதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்று கேட்கக் கற்றுத்தந்தவரைப் பற்றிச் சான்றில்லாத கதையை அறிவியல் வகுப்பில் சொல்வது பொருந்துமா?

அவருடைய பிழைகளையும் சொல்ல வேண்டும். எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று நம்பித்தான் 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பொருளில் அந்தப் பெயரையே வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று 1810-இல் டேவி காட்டினார். ஒளியும் வெப்பமும் அவருடைய 33 எளிய பொருள்களின் பட்டியலில் இருந்தன. பெயர் பிழை, ஆனாலும் நிலைத்துவிட்டது. பட்டியல் திருத்தப்பட்டது, அதைத் திருத்தும் வழி அவர் காட்டியதுதான்.

வகுப்பறைக்கு

முடிவாக, நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். அரை லிட்டர் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று எடுங்கள். அதில் சிறிது வினிகர் ஊற்றுங்கள். 1 கிராம் சமையல் சோடாவை மெல்லிய தாளில் பொதிந்து உள்ளே போட்டு, உடனே மூடியை இறுக்கி, எடைபோடுங்கள். நுரைத்து அடங்கியதும் மறுபடி எடைபோடுங்கள். எண் மாறாது. இப்போது மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று வாயு வெளியேறும். மூடியையும் சேர்த்து மூன்றாம் முறை எடைபோடுங்கள். எண் இறங்கியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். சோடாவின் அளவைக் கூட்ட வேண்டாம். பாட்டில் வாயில் பலூன் மாட்டிச் செய்யும் முறை பல இடங்களில் இருக்கிறது. அதில் பலூன் ஊதும்போது சுற்றியுள்ள காற்றின் மேல்நோக்கு விசையால் எடை சற்றுக் குறைவாகக் காட்டும். நிறை குறைந்துவிட்டதாக மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். மேல்வகுப்பில் அதையே ஒரு கேள்வியாக வைக்கலாம்.

மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடையை நீங்கள் சொல்லாதீர்கள். "குறைந்தது எங்கே போயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "திறக்கறதுக்கு முன்னாடி மாறலையே டீச்சர்" என்று சொல்லும். பாயிலுக்கும் லவாய்சியருக்கும் இடையே நூறாண்டு கிடந்த கேள்வியை அந்தப் பிள்ளை அந்த நிமிடத்தில் கடந்துவிடும்.

தராசு ஒரு பள்ளியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கேட்டு வாங்குவோம், இரவல் பெறுவோம். ஆனால் 'முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு, விடுபட்டது எது?' என்ற கேள்விக்குச் செலவே இல்லை. வேதிவினைக்கு மட்டுமன்று, ஒரு செய்திக்கும், ஒரு விளம்பரத்துக்கும், ஒரு மாமனிதரின் வரலாற்றுக்கும் அதே கேள்வியைப் போடப் பிள்ளைகள் பழகிவிட்டால், லவாய்சியரின் பெயரை அவர்கள் மறந்தாலும் குறையில்லை.